கிராம் கணக்கில் மீட்டர்

சென்னையிலிருந்து மதுரை எத்தனை கிலோ என்று ஒருவர் உங்களிடம் வந்து கேட்டால் என்ன செய்வீர்கள்? ஆள் ரொம்ப நேரம் வெயிலில் நின்றுவிட்டார் போலிருக்கிறது என்று ஒரு சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பீர்கள். தூரத்தைத் தராசில் வைக்க முடியாது. எல்.கே.ஜி. பையனுக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

ஆனால் இதே கூத்தை ஒரு வியாபாரம் காலம் காலமாக நடத்திக்கொண்டிருக்கிறது. யாரும் சோடா வாங்கிக் கொடுக்கவில்லை.

உல்லன் நூலைச் சொல்கிறேன். பேரனுக்கு ஸ்வெட்டர், கைக்குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ், சோபா மேல் போட குரோஷா விரிப்பு என்று நம் வீட்டுப் பெண்கள் வாங்கி வருகிறார்களே, அந்த நூல்கண்டு. ஒன்றைக் கையில் எடுத்து லேபிளைப் படித்துப் பாருங்கள். கம்பெனி பெயர் இருக்கும். கலர் நம்பர் இருக்கும். விலை இருக்கும். 25 கிராம், 50 கிராம், 100 கிராம் என்று எடை இருக்கும். இந்தக் கண்டைப் பிரித்து நீட்டினால் எத்தனை மீட்டர் வரும்? பல லேபிள்களில் அது மட்டும் இருக்காது. சில கம்பெனிகள் அச்சடிக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. நன்றி சொல்லிவிட்டு மற்றவர்களிடம் வருகிறேன்.

பின்னுகிறவருக்கு வேண்டியது எடையா, நீளமா? ஊசியில் ஒவ்வொரு கண்ணி போடும்போதும் குறிப்பிட்ட நீளம் நூல் உள்ளே போகிறது. இத்தனை கண்ணிக்கு இத்தனை மீட்டர். அவ்வளவுதான் கணக்கு. நடுத்தரத் தடிமன் நூலில் பின்னிய பெரியவர் ஸ்வெட்டர் ஒன்றில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நூல் அடங்கியிருக்கும். அதைப் பின்னுகிறவர் கடைக்குப் போவது ஒரு கிலோமீட்டர் வாங்க. கடைக்காரர் கொடுப்பது கால் கிலோ, அரைக் கிலோ.

'ரெண்டும் ஒண்ணுதானே சார், எடை கூடினா நீளமும் கூடும்' என்பார்கள். ஒரே நூலுக்குள் சரி. நூல் மாறினால் அம்பேல்.

பூக்கடைக்குப் போவோம். உதிரி மல்லி கால் கிலோ வாங்குகிறீர்கள். ஒரு அம்மா அதை நெருக்கமாகக் கட்டுகிறார். இன்னொருவர் விரல் விட்டால் நுழைகிற மாதிரி கட்டுகிறார். எடை அதேதான். ஆனால் முன்னவர் கையில் மூன்று முழம், பின்னவர் கையில் ஐந்து முழம். இந்த வித்தியாசம் தெரிந்ததால்தான் நம் ஊர்ப் பெண்கள் கட்டிய பூவை முழத்தில் கேட்கிறார்கள். அதிலும் 'யார் முழம்? உன் கையா, என் கையா?' என்று சண்டை போடுகிறார்கள். ஐம்பது ரூபாய் பூவில் இவ்வளவு கறார். ஆயிரம் ரூபாய்க்கு நூல் வாங்கும்போது மட்டும் கடைக்காரர் சொன்ன கிராமை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

நூலில் இந்த வித்தியாசம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று தடிமன். நூல் தடித்தால் அதே 100 கிராமில் நீளம் குறையும். இது கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது தெரியாது: இழையின் அடர்த்தி. அக்ரிலிக்கின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு சுமார் 1.17 கிராம். கம்பளி சுமார் 1.31. பருத்தி சுமார் 1.54. பார்க்க ஒரே தடிமனில் இருக்கும் அக்ரிலிக் நூலும் காட்டன் நூலும் ஒரே எடையில் ஒரே நீளம் வராது. 100 கிராம் காட்டனைவிட 100 கிராம் அக்ரிலிக்கில் ஏறக்குறைய 30 சதவீதம் அதிக நீளம் கிடைக்கும். போன வருஷம் அக்ரிலிக்கில் எட்டுக் கண்டில் முடித்த சட்டையை இந்த வருஷம் வெயிலுக்கு இதமாக காட்டனில் போடலாம் என்று அதே எட்டுக் கண்டு வாங்கினால், கை பின்னும்போது நூல் தீரும். அரைக்கைச் சட்டை என்று பெயர் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, 'ப்ளை' என்று போட்டிருக்கிறதே, அதை வைத்துக் கண்டுபிடிக்கலாமா? அது இன்னொரு குழப்பம். ப்ளை என்பது எத்தனை இழையைச் சேர்த்து முறுக்கியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை. நாலு மெல்லிய இழையை முறுக்கினாலும் நாலு ப்ளை. நாலு தடித்த இழையை முறுக்கினாலும் நாலு ப்ளை. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இதே சொல்லைத் தடிமனின் பெயராகவே பயன்படுத்துகிறார்கள். அவர்கள் புத்தகத்தைப் பார்த்து '4 ப்ளை' என்று நம் கடையில் கேட்டால் கிடைப்பது வேறு ஏதோ ஒன்று.

இதையெல்லாம் தொழிற்சாலைக்காரர்கள் அறியாதவர்களா என்றால், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

நூல் தொழிலின் தாய்மொழியே நீளம்தான். திருப்பூரிலோ ஈரோட்டிலோ நூல் வாங்குகிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். 'முப்பதாம் நம்பர்', 'நாற்பதாம் நம்பர்' என்பார்கள். கவுண்ட் என்று பெயர். என்ன அர்த்தம்? 840 கெஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் வருகிறதோ அதுதான் நூலின் நம்பர். நாற்பதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டுக்கு 40 சிட்டம். அதாவது 33,600 கெஜம். நம்பரைச் சொன்ன மாத்திரத்தில் எடையும் நீளமும் சேர்ந்தே சொல்லியாகிவிட்டது. பட்டுக்கும் செயற்கை இழைக்கும் டெனியர்: 9,000 மீட்டர் நூலின் எடை இத்தனை கிராம். அதிலும் எடையும் நீளமும் ஜோடியாகத்தான் வரும்.

தறிக்காரர் கணக்கைக் கவனியுங்கள். பாவில் 4,000 இழை, நீளம் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 24,000 மீட்டர். எண்பதாம் நம்பர் நூல் ஒரு பவுண்டில் 67,200 கெஜம். மீட்டரில் சுமார் 61,400. வகுத்தால் பாவுக்கு மட்டும் ஏறக்குறைய 177 கிராம். அதன் மேல் சேதாரத்துக்குக் கொஞ்சம். ஊடைக்குத் தனிக் கணக்கு. இதைக் கால்குலேட்டர் இல்லாமல் போடுகிற பெரியவர்கள் நெசவு ஊர்களில் உண்டு. அவர்களால் முடிவதற்குக் காரணம், நூலோடு கூடவே நம்பரும் வருகிறது.

ஆக, மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் நடுவே நூல் கைமாறும்போது நீளம் தெரிந்தே மாறுகிறது. தறிக்குப் போகும்போதும் தெரிந்தே போகிறது. வீட்டில் பின்னுகிற அம்மாவின் பைக்குள் விழும்போது மட்டும் அந்தத் தகவல் லேபிளிலிருந்து காணாமல் போய்விடுகிறது. மில்லுக்குத் தெரிந்த விஷயத்தை மறைக்க இது என்ன ராணுவ ரகசியமா?

எங்கள் குடியிருப்பில் ஒருவர் இருக்கிறார். பிறந்த குழந்தைக்கு ஸ்வெட்டர், தொப்பி, சாக்ஸ் செட் பின்னி விற்கிறார். ஒருமுறை ஓர் அம்மாள் பெரிய போர்வை ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தார். நகரத்தின் ஒரு பழைய கடையில் நடந்த உரையாடலை அவரே சொல்லக் கேட்டது இது.

"அண்ணே, நாலுக்கு அஞ்சடி போர்வை. எத்தனை கண்டு ஆகும்?"

"சுமாரா ஒரு பன்னெண்டு ஆகும்மா."

"இதுல எத்தனை மீட்டர் இருக்கும்?"

"மீட்டரெல்லாம் யாரும்மா பாக்குறா? எதுக்கும் ரெண்டு சேத்து வாங்கிக்குங்க."

"மிச்சமானா எடுத்துப்பீங்களா?"

"அது முடியாதும்மா. பில்லுலயே போட்டிருக்கே."

பதினான்கு கண்டு வாங்கினார். போதவில்லை. மூன்று வாரம் கழித்து மறுபடி போனார். அதே கலர் நம்பர் இருந்தது. ஆனால் லாட் நம்பர் வேறு. சாயப் பட்டறையில் ஒவ்வொரு முறை சாயம் ஏற்றும்போதும் நிறம் ஒரு நூலிழை மாறும். கடை விளக்கில் ஒரே நீலம். வீட்டுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தால் போர்வையின் கடைசி ஒரு அடி வேறு நீலம். ஆர்டர் கொடுத்தவர் விலையைக் குறைத்துத்தான் வாங்கிக்கொண்டார்.

இதில் நஷ்டம் யாருக்கு? மில்லுக்கு இல்லை. அவர்கள் எடை போட்டு விற்றாகிவிட்டது. கடைக்காரருக்கு இல்லை. அதிகம் வாங்கினால் அவருக்கு லாபம், குறைவாக வாங்கினால் மறுபடி ஒரு வியாபாரம். கணக்குத் தப்பினால் முழு நஷ்டமும் பின்னுகிறவர் தலையில். நான் பி.காம். படித்தபோது காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'நார்மல் லாஸ்', 'அப்நார்மல் லாஸ்' என்று இரண்டு சொல்லிக்கொடுத்தார்கள். உற்பத்தியில் தவிர்க்கவே முடியாத சேதாரம் நார்மல். அதை விலையில் சேர்க்கலாம். தவிர்த்திருக்கக்கூடிய சேதாரம் அப்நார்மல். அதை வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது. லேபிளில் ஒரு எண் அச்சடிக்காததால் வருகிற நஷ்டம் எந்த வகை? முதல் வருஷ மாணவன்கூடச் சரியாகச் சொல்வான். வீட்டுக்கு வீடு அலமாரியில் பிளாஸ்டிக் பையில் தூங்குகிறதே அரைக் கண்டும் முக்கால் கண்டும், அதற்குப் பெயர் டெட் ஸ்டாக்.

'ஒவ்வொருத்தர் கையும் ஒவ்வொரு மாதிரி. ஒருத்தர் இறுக்கிப் பின்னுவார், ஒருத்தர் தளர்த்திப் பின்னுவார். முன்கூட்டி எப்படிச் சார் சொல்றது?' இது வியாபாரிகள் வழக்கமாகச் சொல்லும் பதில். கேட்க நியாயம் மாதிரி இருக்கும். யோசித்தால் இல்லை. கை வித்தியாசத்தை அளக்கிற வேலை பின்னுகிறவருடையது. அதற்கு வழி உண்டு, கஷ்டமும் இல்லை.

அதே நூலில், அதே ஊசியில், அதே டிசைனில் 15 செ.மீ.க்கு 15 செ.மீ. ஒரு மாதிரித் துண்டு பின்னுங்கள். பரப்பு 225 சதுர செ.மீ. சமையலறை டிஜிட்டல் தராசில் வையுங்கள். 9 கிராம் காட்டுகிறது என்றால் 100 சதுர செ.மீ.க்கு 4 கிராம். இப்போது ஸ்வெட்டரைச் செவ்வகங்களாகப் பிரியுங்கள். முன்பக்கம் 50க்கு 60, அதாவது 3,000. பின்பக்கம் 3,000. கை ஒன்று, சராசரி அகலம் 36, நீளம் 50; ஆக 1,800. இரண்டு கைக்கு 3,600. மொத்தம் 9,600 சதுர செ.மீ. நூறுக்கு 4 கிராம் வீதம் 384 கிராம். பார்டர், கழுத்துப்பட்டி, தையல், முடிச்சு என்று 15 சதவீதம் சேர்த்தால் 442 கிராம். 50 கிராம் கண்டு என்றால் ஒன்பது. முடிந்தது ஜோசியம்.

சில எச்சரிக்கைகள். டிசைன் மாறினால் மாதிரித் துண்டும் மாற வேண்டும். ஜடை மாதிரி முறுக்கி வரும் டிசைன் துணியை உள்ளே இழுத்துக்கொள்ளும். நூல் அதிகம் தின்னும். குரோஷாவும் அப்படித்தான். ஊசிப் பின்னலைவிட அதே பரப்புக்கு அதிக நூல் கேட்கும். இன்னொன்று, பரப்பு என்பது அளவின் வர்க்கத்தில் ஏறும். நீளம், அகலம் இரண்டையும் இரட்டிப்பாக்கினால் நூல் இரட்டிப்பாகாது, நாலு மடங்காகும். முக்கோண சால்வையை முனையிலிருந்து ஆரம்பித்தால், உயரத்தில் பாதி வரும்போது கால் பங்கு நூல்தான் செலவாகியிருக்கும். 'பாதி முடிஞ்சுது, ரெண்டு கண்டுதான் ஆச்சு, இன்னும் ரெண்டு போதும்' என்று நினைப்பவருக்கு இன்னும் ஆறு வேண்டியிருக்கும்.

இத்தனையும் பின்னுகிறவர் செய்யலாம். ஆனால் மாதிரித் துண்டு பின்ன முதலில் ஒரு கண்டு வாங்க வேண்டும். வாங்கிப் பின்னி, எடை போட்டு, மறுபடி கடைக்குப் போவதற்குள் அந்த லாட் தீர்ந்துவிடலாம். வேறு கம்பெனி நூலுக்கு மாற வேண்டும் என்றால் இந்தக் கணக்கு செல்லவே செல்லாது. புத்தகத்தில் '110 மீட்டர் கண்டு, எட்டு' என்று போட்டிருந்தால் மொத்தம் 880 மீட்டர். நம் கடைக் கண்டில் 90 மீட்டர் என்று அச்சடித்திருந்தால், 880ஐ 90ஆல் வகுத்து, பத்துக் கண்டு என்று கடையில் நின்றபடியே சொல்லிவிடலாம். அந்த 90 இல்லாவிட்டால்? வீட்டுக்கு வந்து நாற்காலியில் சுற்றி 20 மீட்டர் அளந்து, எடை போட்டுப் பார்க்க வேண்டும். மில் செய்ய வேண்டிய வேலையை, காசு கொடுத்த பிறகு, வாங்கியவர் வீட்டு நாற்காலி செய்கிறது.

இன்னொரு வாதம் உண்டு. உல்லன் நூல் இழுபடும் சமாச்சாரம், அதனால் நீளத்தை உறுதியாகச் சொல்ல முடியாது என்பார்கள். இழுத்தால் நீளும் என்பது உண்மை. அதனால்தான் நிர்ணயித்த விசையில் சுற்றி அளப்பது நூல் சோதனைக்கூடங்களில் வாடிக்கை. கவுண்ட் என்ற கணக்கே அப்படி அளந்து வந்ததுதான். கூடக்குறைய இருந்தால் 'சுமார்' என்று போடட்டும், யார் வேண்டாம் என்றது? தவிர, எடை என்ன அவ்வளவு உத்தமமா? நூல் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நூல் வர்த்தகத்திலேயே பருத்திக்கு 8.5 சதவீதம், கம்பளிக்கு அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஈரத்தைச் சேர்த்து எடை கணக்கிடுவது வழக்கம். ஈரத்தோடு மாறும் எடையை அச்சடிக்கலாம், நீளத்தை அச்சடிக்கக் கூடாதா?

சட்டம் என்ன சொல்கிறது? பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் வருஷ எடை, அளவு விதிகளின்படி நிகர அளவு அச்சடித்தே ஆக வேண்டும். எடையாகவோ, அளவாகவோ, எண்ணிக்கையாகவோ. எடை போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று கம்பெனி சொல்லலாம். சட்டத்தின் எழுத்துக்கு அது போதும். ஆனால் 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரம், அளவு, விலை ஆகியவற்றைத் தெரிந்துகொள்ளும் உரிமை வாங்குபவருக்கு உண்டு என்கிறது. நூலை எதற்காக வாங்குகிறாரோ அதற்குப் பயன்படாத அளவைச் சொல்வது, சொன்ன மாதிரியும் ஆச்சு, சொல்லாத மாதிரியும் ஆச்சு.

தையல் நூல் கண்டில் மீட்டர் போடுகிறார்கள். வீட்டுக்கு ஒயரிங் செய்யும் ஒயர் 90 மீட்டர் காயில் என்று வருகிறது. எலெக்ட்ரீஷியனிடம் இரண்டு கிலோ ஒயர் கொடுத்துப் பாருங்கள், என்ன சொல்கிறார் என்று. தையல்காரருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் நீளம் சொல்லத் தெரிந்த நாட்டில், பின்னுகிறவருக்கு மட்டும் ஏன் இந்த அலட்சியம்?

என் பதில் இதுதான். தையலும் ஒயரிங்கும் தொழில். பின்னுவது பொழுதுபோக்கு. 'சும்மா உக்காந்திருக்கிற நேரத்துல செய்றதுதானே' என்கிற நினைப்பு. ஆந்திரத்தில் நர்சாபூர் பக்கம் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து குரோஷா லேஸ் பின்ன, அது கடல் தாண்டி விற்பனையானது. ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் அவர்களைப் பற்றி 1982-இல் ஒரு புத்தகமே எழுதினார். உலகச் சந்தைக்கு உழைக்கிற அந்தப் பெண்களை எல்லோரும் ஓய்வு நேரத்தில் ஏதோ செய்யும் இல்லத்தரசிகளாகவே பார்த்தார்கள், அந்தப் பார்வைதான் அவர்கள் கூலியைக் குறைவாகவே வைத்திருக்க உதவியது என்பது அவர் கண்டது. ஒருவர் செய்வது உழைப்பு என்று ஒப்புக்கொள்ளாவிட்டால், அவர் நேரத்துக்கு விலை கிடையாது. அவர் வீணாக்கிய நூலுக்குக் கணக்கு கிடையாது. அவருக்கு ஒரு எண்ணை அச்சடித்துத் தரவேண்டிய அவசியமும் கிடையாது.

எங்கள் குடியிருப்புக்காரருக்கு அந்தப் போர்வையில் நூல் காசு போக மிஞ்சியது மூன்று வார முதுகுவலி. அவரிடம் போய் 'பொழுது நல்லா போச்சா' என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

'ஆத்துல போட்டாலும் அளந்து போடு' என்று பெண்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்த ஊர் இது. அளக்கச் சொன்னால் மட்டும் போதாது. அளவைக் கொடுக்க வேண்டும்.

கேட்பது மூன்றே விஷயம். கம்பெனிகள் ஒவ்வொரு கண்டிலும் எடைக்குப் பக்கத்தில் மீட்டரையும் போடட்டும். ஏற்கெனவே அச்சாகும் லேபிளில் கூடுதலாக நாலைந்து எழுத்து. அரசாங்கம் விதிகளை அடுத்த முறை திருத்தும்போது பின்னல் நூலுக்கு எடை, நீளம் இரண்டும் கட்டாயம் என்று ஒரு வரி சேர்க்கட்டும். கடைக்காரர்கள், லேபிள் பிரிக்காத கண்டை பில்லோடு கொண்டுவந்தால் பதினைந்து நாளைக்குள் திரும்ப எடுத்துக்கொள்ளட்டும். 'எதுக்கும் ரெண்டு சேத்து வாங்கிக்குங்க' என்று சொல்கிறவர்தானே, அந்த இரண்டுக்குப் பொறுப்பேற்பதும் நியாயம்.

இது நடக்கிறவரை ஒன்று செய்யலாம். அடுத்த முறை உல்லன் வாங்கப் போகும்போது, கலர் பார்ப்பதற்கு முன்னால், விலை கேட்பதற்கு முன்னால், "இதுல எத்தனை மீட்டர்ணே?" என்று கேளுங்கள். தெரியாது என்பார். மீட்டர் போட்ட கண்டு இருந்தால் எடுங்கள் என்று சொல்லுங்கள். ஒருத்தர் கேட்டால் சிரிப்பார். பத்துப் பேர் கேட்டால் யோசிப்பார். நூறு பேர் கேட்டால் மில்லுக்கு அவரே போன் போடுவார். வியாபாரிக்குப் புரிகிற பாஷையில் பேசினால் அவருக்கு நிச்சயம் காது கேட்கும்.